சீக்கு வந்த கோழிய அறுக்காதீங்க, பறவைக் காய்ச்சலுக்கு அதான் முதல் முன்னெச்சரிக்கை

தேனி மாவட்டம் கம்பத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "கேரளா பக்கம் பறவைக் காய்ச்சல்னு செக்போஸ்ட்ல வண்டிக்கெல்லாம் மருந்து அடிக்கிறாங்க, வீட்டுல 15 நாட்டுக்கோழி இருக்கு, 4 வயசு பேரன் இருக்கான், இப்பவே டாமிஃப்ளூங்கிற ஃப்ளூ காய்ச்சல் மருந்த வாங்கி வச்சுக்கவா, இல்ல கோழிய வித்துடட்டுமா?"

ரெண்டும் வேணாம்மா. பறவைக் காய்ச்சல கொண்டு வர்ற எச்5என்1 வைரஸ் மனுஷங்ககிட்டேர்ந்து மனுஷங்களுக்கு இன்னும் சுலபமா பரவல, ஆனா வந்துட்டா மோசம், 2003லேர்ந்து உலகம் பூரா 900 பேருக்கு மேல வந்திருக்கு, அதுல கிட்டத்தட்ட பாதி பேர் பொழைக்கல. வந்தவங்கள்ல ரொம்ப பேர் சீக்கு கோழியையோ செத்த கோழியையோ கையால தொட்டவங்க.

நம்ம ஊர்ல எனக்கு பயமே இங்கதான். கோழி தூங்கி விழ ஆரம்பிச்சா "சாகறதுக்குள்ள அறுத்துடு, காசு வீணாகாது"ன்னு சொல்வோம்ல, அத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நல்லா கொதிச்ச கறியில வைரஸ் செத்துடும், 70 டிகிரி சூடே போதும், ஆனா அறுக்குறப்போ, றெக்க பிடுங்குறப்போ, குடல் எடுக்குறப்போதான் அது கையில ஒட்டி மூக்கு கண்ணுன்னு போகுது. 2025ல ஆந்திரா பல்நாடு மாவட்டத்துல 2 வயசுப் பொண்ணு ஒண்ணு இதுல இறந்துச்சு, பச்சைக் கோழிக்கறித் துண்ட வாயில வச்சிருந்துச்சுன்னு சொன்னாங்க. அதனால கறி வெட்டுற இடத்துல பேரன் இருக்கவே கூடாது, கூண்டு கிட்டயும் விடாதீங்க.

ஒண்ணு ரெண்டு கோழி செத்தா வெள்ளைக்கழிச்சல்ங்கிற வேற கோழி நோயாவும் இருக்கலாம், பார்த்து சொல்ல முடியாது. கொண்டை நீலமாகி, மூஞ்சி வீங்கி, சட்டுனு நாலஞ்சு செத்தா வெறுங்கையால தொடாம கால்நடை மருந்தகத்துக்கு சொல்லுங்க, இல்ல 1962க்கு போன் அடிங்க. வாய்க்கால்ல மட்டும் தூக்கி எறிஞ்சிடாதீங்க, வாத்து கொக்கு எல்லாத்துக்கும் போய்டும்.

வாங்கி வைக்கணும்னா கையுறை, என்95 மாஸ்க், சோப்பு, சுண்ணாம்பு போதும். டாமிஃப்ளூ டாக்டர் சொல்லித்தான் போடணும், காய்ச்சல் வந்து 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யும், அதனால கோழி செத்து பத்து நாளுக்குள்ள வீட்டுல யாருக்காவது காய்ச்சல், இருமல், கண் சிவப்புன்னு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க, போனதும் டாக்டர் கேக்காட்டியும் "எங்க வீட்டுல கோழி செத்துச்சு"ன்னு நீங்களே சொல்லுங்க.