ஓதம் ஏறிய பழைய வீடு: 4 லட்சம் ரூபாயை எங்கே தொடங்கிச் செலவிடுவது?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. வயது 90க்குக் குறையாது. மெட்ராஸ் டெரஸ் தளம், சிவப்பு ஆக்சைடு தரை, நடுவில் சிறிய முற்றம். கூடத்துச் சுவர் 3 அடி உயரத்துக்குப் பொரிந்து கொட்டுகிறது. மூன்று ஆண்டுகளில் இருமுறை பெயின்ட் அடித்தும் நிற்கவில்லை. பூச்சைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, 4 அடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். தரைக்கும் டைல்ஸ் போடச் சொல்கிறார். அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. இப்போது ஆவணி, தை மாதம் தங்கைக்குத் திருமணம். கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் வேண்டாம். உங்கள் கொத்தனார் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை. புதிய வீடுகளில் அன்றாடம் செய்வதையே இங்கும் செய்ய நினைக்கிறார். ஆனால் உங்கள் சுவர் வேறு வகையைச் சேர்ந்தது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய அக்காலச் சுவர்களில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் இருக்காது. ஈரம் செங்கல் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். கடலுக்கு அருகிலுள்ள உங்கள் பகுதியில் நிலத்தடி நீரில் உப்பு அதிகம் என்பதால், நீர் ஆவியானபின் உப்பு மட்டும் பூச்சுக்குள் தங்கிப் படிகமாக வளர்கிறது. மேலே பட்டியும் எமல்ஷனும் அடைத்துக்கொண்டிருந்தால், அந்தப் படிகங்கள் அவற்றைத் தள்ளி உதிர்த்துவிடுகின்றன. சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டினால் ஓராண்டு, ஈராண்டு கண்ணுக்குத் தெரியாது. வெளியேற வழியில்லாத ஈரம் பின்னால் ஏறிக்கொண்டே போய், டைல்ஸின் மேல் விளிம்பைத் தாண்டி ஐந்தடி, ஆறடியில் பொரியத் தொடங்கும். அப்போது கொத்தியெடுக்க வேண்டிய பரப்பும் செலவும் இரட்டிப்பாகும்.

இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பூச்சு கெட்டியாக உள்ள ஓரிடத்தில் இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு விளிம்பையும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் வியர்த்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. பின்கட்டில் குளியலறையும் கழிவறையும் இருந்தால் அங்குள்ள குழாய்க் கசிவையும் பாருங்கள். ஓதம் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு உடைந்த குழாயின் வேலையாகவே இருப்பதுண்டு.

அடுத்து, வாசலுக்கு வெளியே நின்று தெருவையும் உங்கள் வீட்டுத் தரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாரின் மேல் தாராகப் போட்டுப் போட்டு, வடசென்னையின் பல தெருக்கள் வீடுகளை விட உயர்ந்துவிட்டன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியது. ஏற்கெனவே தாழ்ந்துபோன வீடுகளுக்கு அதனால் விடிவில்லை. சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் போட்டிருந்தால், உங்கள் மனைக்குள் அடங்கும் பகுதியில் ஓரடி அகலத்துக்கு வெட்டியெடுத்து ஜல்லி நிரப்புங்கள். சுவரின் அடி மூச்சுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால், கழிவுநீர் இணைப்பில், நீரை வெளியே மட்டும் விட்டுத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் பொருத்திவிடுங்கள். வாசற்படியை எவ்வளவு உயர்த்தினாலும் கழிவறை வழியாக எதிர்த்து வரும் சாக்கடை நீரை அது தடுக்காது.

இனி பணத்துக்கு வருவோம். ஏறக்குறைய பாதியை மொட்டை மாடிக்கும் மழைநீர் வடிகுழாய்களுக்கும் ஒதுக்குங்கள். அதுவும் ஐப்பசி மழைக்கு முன்பே செலவாகிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இவ்வளவா என்று வீட்டில் கேட்பார்கள். மெட்ராஸ் டெரஸ் எப்படி நிற்கிறது என்பதைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்: தேக்குக் கட்டைகளின் மேல், ஏறத்தாழ 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குல கனமும் உள்ள சிறு செங்கற்களை விளிம்பில் நிறுத்திக் கோணலாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, கடைசியாகத் தட்டோடு பதித்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் முதலில் கெடுவது கட்டைகளின் முனை. அது சுவருக்குள் புதைந்திருப்பதால் வெளியே தெரியாது. ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவரைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினாலோ, மாவுபோல் தூள் கொட்டினாலோ, அந்தக் கட்டையை மட்டும் குறித்துவைத்து ஒரு கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் முழுத் தளத்தையும் இடிக்கத் தேவையிராது. பக்கத்தில் ஓர் இரும்புச் சேனல் கொடுத்துத் தாங்கலாம். கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் பிரைமருக்கு மேல் எப்பாக்சி பூச்சும் அவசியம்.

மேலே சென்று தட்டோடுகளை ஒரு கட்டையால் தட்டுங்கள். பொள்ளல் ஓசை வரும் ஓடுகளை மட்டும் எடுத்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த கலவையில் மீண்டும் பதித்து, எல்லாச் சந்துகளையும் அடையுங்கள். ஒழுகலை நிறுத்த மேலே இன்னும் மூன்று அங்குலம் கான்கிரீட் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பாரம் முழுவதும் அதே பழைய கட்டைகளின் தலையில் இறங்கும். 1,000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அது தளத்தின் நடுவில் இருந்தால் சுவருக்கு மேலே நகர்த்திவிடுங்கள்.

கூடத்துச் சுவரில் பொரிந்த பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேலும் ஓரடி சேர்த்து, இப்போதே கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கலில் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். மறுபூச்சுக்கு அவசரப்படாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூசுவது பணத்தை ஈரத்தில் கரைப்பதுதான். மாசி முதல் சித்திரை வரை, நன்கு ஊறவைத்த சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசி, சில நாட்கள் லேசாக நீர் தெளித்து, மேலே வெள்ளையடியுங்கள். சென்னையின் பளபளப்பான பழைய பூச்சுகளுக்குப் பெயர் வாங்கித் தந்தது கிளிஞ்சல் சுண்ணாம்புதான். தரமானது கிடைத்தால் அதையே வாங்குங்கள். இதிலும் சில ஆண்டுகளில் உப்பு பூக்கலாம். ஆனால் பூச்சு உதிர்ந்தாலும் செங்கல் பிழைத்துக்கொள்ளும், திரும்பப் பூசும் செலவும் குறைவு.

அதுவரை, திருமணத்துக்கு வரும் உறவினர் கண்ணில் மொட்டைச் செங்கல் படுமே என்று கவலைப்படுவீர்கள். 5 அடி உயரத்துக்கு மரச் சட்டங்கள் அடித்து, அவற்றின் மேல் கோரைப்பாயை இழுத்துக் கட்டுங்கள். சட்டம் ஓரங்குலக் கனமாவது இருக்கட்டும்; பாய்க்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும், கீழும் மேலும் திறந்திருந்தால் சுவர் காய்ந்துகொண்டே இருக்கும். பாய்க்கு மேலுள்ள சுவரில் பூச்சு நன்றாக இருந்தால், வெளிர் மஞ்சள் கலந்து மார்கழிக் கடைசியில் வெள்ளையடித்தால் போதும். திரைச்சீலைத் துணியைக் கோடவுன் தெரு மொத்தக் கடைகளில் மீட்டராக வாங்கித் தைத்துக்கொள்ளுங்கள்.

தரையைப் பொறுத்தவரை அம்மா சொல்வதே சரி. அதன்மேல் டைல்ஸ் ஒட்டினால் அடியிலுள்ள ஈரம் சுவர்ப் பக்கம் திரும்பும். கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டிவரும். ஆசிட் ஊற்றாமல் சோப்பு நீரில் கழுவி, விரிசல்களில் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட் பால் நிரப்பி, காய்ந்தபின் மெழுகுப் பாலிஷ் தேய்க்கலாம். தேக்குக் கதவுகளின் பல அடுக்கு பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். பெயின்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. சுவரில் அடித்த மரப்பட்டிகளின் மேல் ஓடும் பழைய வயரிங் இன்னும் இருந்தால், சுண்ணாம்புச் சுவரை வெட்டாமல் வெளிக் குழாயில் புது வயர் இழுத்து, எர்த் சரிபார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்துவிடுங்கள். ஈரச் சுவருள்ள வீட்டில் இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

பூச்சு, வெள்ளை, தரை வேலைகளுக்கு மாநகராட்சி அனுமதி தேவைப்படாது. அறை சேர்த்தாலோ மாடி எழுப்பினாலோ தேவை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், கட்டை முனைகளில் கை வைக்கும் முன் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

இன்னொன்று: கட்டைகளின் முனைகளைப் பொறியாளர் பார்த்து முடிக்கும் வரை, திருமணப் பந்தியையோ சமையலையோ மொட்டை மாடியில் வைக்கலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.