விழாமலேயே முதியவர்களுக்குத் தொடை எலும்பு முறியுமா? யாருக்கு அபாயம் அதிகம்?

அம்மாவுக்கு 68 வயது, எலும்புத் தேய்மானத்துக்காக ஏழு ஆண்டுகளாக வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை, இரண்டு மாதமாக வலது தொடையில் மந்தமான வலி, இடுப்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். விழாமலேயே முறியலாம்; இந்த மாத்திரையைப் பல ஆண்டு எடுத்தவர்களுக்கு அந்த அபாயம் அதிகம். அதனால் முதல் வேலை, இரண்டு தொடைகளுக்கும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழு நீள எக்ஸ்ரே, நேராகவும் பக்கவாட்டிலும். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மருத்துவரிடம் பேசும் வரை அடுத்த மாத்திரை வேண்டாம்.

இடுப்பு எக்ஸ்ரேயில் தொடையின் மேல்பகுதி மட்டுமே விழும். நீங்கள் கேட்கும் முறிவு அதற்குக் கீழே, தொடைத் தண்டில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். படம் வந்ததும் எலும்பின் வெளிப்பக்க விளிம்பை மேலிருந்து கீழாகக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் கரும்புக் கணு போலச் சின்னதாகப் புடைத்திருந்தால், அதன் நடுவே முடி இழை அளவுக்குக் கருங்கோடு குறுக்கே போகிறதா என்று கேளுங்கள். அந்தக் கோடுதான் ஆபத்தின் அறிகுறி. கவனிக்காமல் விட்டால் படியிறங்கும்போதோ, நின்ற இடத்தில் திரும்பும்போதோ சாக்பீஸ் போலக் குறுக்கே முறிந்துவிடும். இப்படி முறிந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதற்கு முன்பே பல வாரங்களாகத் தொடையிலோ கவட்டையிலோ வலி இருந்திருக்கிறது. அதை நரம்பு வலி, மூட்டுத் தேய்மானம் என்று எண்ணி நாட்களைக் கடத்திவிடுவதுதான் வருத்தமான விஷயம்.

ஏன் இப்படி? நடக்கும்போது தொடை எலும்பின் வெளிப்பக்கம் இழுவிசையைத் தாங்குகிறது. அங்கே நுண்ணிய கீறல்கள் விழுவது இயல்பு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் கீறல் விழுந்த பகுதியை அகற்றினால்தான் அங்கே புது எலும்பு வளரும். அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், ஸோலெட்ரோனிக் ஆசிட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் அந்தச் செல்களைத்தான் அடக்குகின்றன. எலும்பு கரைவது குறைகிறது, கூடவே பழுதுபார்ப்பும் மந்தமாகிறது.

எனவே முதல் காரணி, மருந்து எடுத்த காலம். கலிபோர்னியாவில் 50 வயது கடந்த சுமார் 1,96,000 பெண்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் 3 முதல் 5 ஆண்டு எடுத்தவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய 9 மடங்கு, 8 ஆண்டைத் தாண்டியவர்களுக்கு 43 மடங்கு. அந்த ஆய்வில் ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. ஓராண்டுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் கூடுதல். குள்ளமான உடல்வாகு, கூடுதல் எடை, வில்லாக வளைந்த தொடை எலும்பு ஆகியவையும் சேரும். ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி எப்போதும் மிகக் குறைவாகவே வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த மருந்து ஒத்துவராத ஒரு பரம்பரை நோயாக இருக்கலாம்.

43 மடங்கு என்றதும் பயந்து மாத்திரையை ஒரேயடியாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவ்வளவு பேரில் இப்படி முறிந்தது 277 பேருக்கு மட்டும்தான். அதே ஆய்வின் கணக்குப்படி 10,000 ஆசியப் பெண்கள் மூன்று ஆண்டு மருந்து எடுத்தால் 91 இடுப்பு எலும்பு முறிவுகள் தவிர்க்கப்படும், இந்த வகை முறிவு 8 பேருக்கு வரும். இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்த வயதானவர்களின் நிலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

எக்ஸ்ரேயில் கோடு தெரிந்து வலியும் இருந்தால், முறியும் முன்பே எலும்புக்குள் கம்பி செலுத்திவிடுவது நல்லது. முறிந்த பிறகு செய்தால் குணமாக இன்னும் அதிக நாளாகும். அதுவரை வாக்கர், அந்தக் காலில் முழு எடை கூடாது, எண்ணெய் தேய்த்து அமுக்குவதும் கூடாது. கோடு இல்லை, ஆனால் வலி தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வைட்டமின் டி, கால்சியம் அளவையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும், ஏழு ஆண்டு ஆனதால் எலும்பு அடர்த்தி பரிசோதனை செய்து மருந்துக்கு இடைவெளி விடலாமா என்று கேளுங்கள். வாய்வழி மாத்திரையை 5 ஆண்டிலும், ஆண்டுக்கொரு முறை போடும் ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசியை 3 ஆண்டிலும் இப்படி மறுபரிசீலனை செய்வது வழக்கம். நிறுத்தியதும் இந்த முறிவின் அபாயம் வேகமாக இறங்குகிறது. ஏற்கெனவே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்களுக்கு இடைவெளி பொதுவாகப் பொருந்தாது; மருந்தைத் தொடரவோ வேறு மருந்துக்கு மாற்றவோ செய்வார்கள். எலும்புத் தேய்மானத்துக்கே ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசி கதையே வேறு. அதிலும் இந்த முறிவு வரும், ஆனால் மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் அந்த ஊசியின் ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எக்ஸ்ரே எடுக்குமிடத்தில் "வலி வலது காலில்தானே" என்று ஒரு காலோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு தொடை, முழு நீளம் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலியில்லாத காலிலும் அந்தக் கணு இருக்கக்கூடும்.