நின்று பார்த்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: இஸ்ரேலில் வயதான பெண்கள் சிலர் ராணுவச் சோதனைச்சாவடிகளுக்குப் போய், அங்கே நடப்பதை எழுதி வைக்கிறார்களாமே! கையில் எந்த அதிகாரமும் இல்லாமல் சும்மா நின்று பார்த்து என்ன ஆகப்போகிறது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கேட் திறக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்பது மக்சோம் வாட்ச் பற்றி. ஹீப்ருவில் மக்சோம் என்றால் சோதனைச்சாவடி. 2001-ல் தொடங்கிய அமைப்பு, பெண்கள் மட்டும்தான், அதிலும் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். இஸ்ரேல் ராணுவம் ஆக்கிரமித்திருக்கிற பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போகிற பாலஸ்தீனர்கள் விடியற்காலை நாலு மணிக்கே சுழல் கதவுக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்பார்கள், இவர்களும் அந்த இருட்டில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எத்தனை மணிக்குக் கதவு சுழன்றது, எத்தனை ஜன்னலில் ஆள் இருந்தார்கள், வரிசை எதுவரை நீண்டது, யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து அறிக்கை போடுவார்கள். படிக்க ஒரு சுவாரசியமும் இருக்காது. அதுதான் அதன் பலமே என்பேன்.

என் கதையைக் கேளுங்கள். 2020 ஊரடங்கில் கர்நாடக எல்லையில் ஒரு சாவடியில் நின்றேன். இ-பாஸ் போனில் இருக்கிறது, பிரிண்ட் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். எனக்குப் பின்னால் மருந்துப் பையோடு ஒரு அம்மா, அவரையும்தான். அது என்ன தேதி, அன்றைக்கு எத்தனை பேர் திரும்பினோம்? எனக்கே நினைவில்லை, யாரும் எழுதவும் இல்லை, ஆக அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று இன்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் கிடையாது. எனக்கு அது ஒருநாள் கூத்து, அவ்வளவுதான். அங்கே சொந்த ஆலிவ் தோப்புக்குப் போகவே பெர்மிட் வேண்டும். இஸ்ரேல் 2002-ல் கட்டத் தொடங்கிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் தோப்பு மாட்டிக்கொண்டால், விவசாயக் கேட் திறக்கிற கொஞ்ச நேரத்துக்குள் போய்விட வேண்டும். சில கேட்டுகள் ஆலிவ் பறிக்கும் பருவத்தில் மட்டும்தான் திறக்கும். உங்கள் மாந்தோப்பை அப்படி நினைத்துப் பாருங்கள்.

2004-ல் மேற்குக் கரையில் நாப்லஸ் நகரத்துப் பக்கம் ஒரு சாவடியில் ஒரு பாலஸ்தீனர் சிப்பாய்கள் முன்னால் வயலின் வாசித்துக்கொண்டு நின்றார். இந்தப் பெண்களில் ஒருவர் அதைப் படம் பிடித்தார், இஸ்ரேல் முழுக்க அது பெரிய விவாதமானது. அவர் கேமராவோடு அங்கே நிற்காமல் இருந்திருந்தால் அந்த வயலின் யாருக்குக் கேட்டிருக்கும்?

பெர்மிட் ஆபீஸ்களுக்கும் போவார்கள். பாதுகாப்புக் காரணம் என்று ஒற்றை வரியில் பெர்மிட் மறுக்கப்பட்டவர்களுக்கு, தடையை நீக்கக் கேட்டு ஹீப்ருவில் மனு எழுதித் தருவதும் உண்டு. நாம் வந்து நிற்பதே ஆக்கிரமிப்புக்கு நல்ல முகம் கொடுத்துவிடுகிறதோ என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது, நியாயமான சண்டைதான். 2023 அக்டோபருக்குப் பிறகு பெரும்பாலான வேலை பெர்மிட்டுகளை நிறுத்திவிட்டார்கள், நாலு மணி வரிசையில் முன்பு நின்றவர்கள் பலர் இப்போது வீட்டில்.

கேள்வி: வெளிநாட்டவர்கள் போய் இந்த வேலையைச் செய்ய முடியுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உலகத் திருச்சபைகள் மன்றம் 2002 முதல் பல நாட்டுத் தன்னார்வலர்களை அனுப்பியிருக்கிறது. வழக்கமாக மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் ஹாரன் அடிக்கிற ஆள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.