ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போய்விட்டால்?

வாசகர் கேள்விகள்: கார் பக்கம்

2012 மாடல் செடான் ஒன்றை மூன்றாவது ஓனராக வாங்கினேன். இதற்கு ஏர்பேக் ரீகால் உண்டு என்கிறார் மெக்கானிக். எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. வாரன்ட்டி முடிந்து பல வருடம் ஆகிறது. செலவு என் தலையில்தானா?
– வாசகர், தூத்துக்குடி

இல்லை. கோளாறான வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வதுதான் ரீகால். அது சேஸிஸ் நம்பருக்குத்தான் போடப்படுகிறது; ஓனர் யார், வாரன்ட்டி இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கில் வராது. பாகம், லேபர் இரண்டும் இலவசம். கம்பெனி ஏட்டில் உள்ள முகவரிக்கே கடிதம் போகும். அது பெரும்பாலும் முதல் ஓனரின் வீடு.

ஆர்.சி.யில் இருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு, கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். அந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். 'உங்கள் வண்டி பட்டியலில் இல்லை' என்ற பதில் இந்தக் குழப்பத்தாலும் வரலாம். சந்தேகம் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வருட மாடல்களில் பலவற்றுக்குப் பிரச்சினை டகாட்டா என்ற கம்பெனி செய்த இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊதும் கருவி). ஏர்பேக்கை ஊதவைக்கும் வாயுவுக்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத இன்ஃப்ளேட்டர்களில், வருடக்கணக்கான வெயிலும் புழுக்கமும் அந்த வேதிப்பொருளைச் சிதைத்துவிடுகின்றன. மோதலின்போது அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, உலோகக் கூடு வெடித்துச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகால் ஆயின. டகாட்டா 2017-ல் திவாலானது. வண்டி பழசாக ஆக ஆபத்து கூடும் வகைக் கோளாறு இது. கடலோர ஊர்க்காரர்கள் தள்ளிப்போடவே கூடாது.

பயணி பக்க இன்ஃப்ளேட்டர் பாக்கி என்றால், மாற்றும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். ஃப்யூஸைப் பிடுங்கி ஏர்பேக்கை முடக்கும் வேலை வேண்டாம். பல கார்களில் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் சேர்ந்தே செத்துப்போகும். பழைய இரும்புக் கடையிலிருந்து ஏர்பேக் வாங்கி மாட்டவும் வேண்டாம், அதுவும் அதே டகாட்டாவாக இருக்கலாம். வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது இக்னிஷனைப் போட்டு ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் முந்தைய ஓனர் காலத்தில் யாரோ விளக்கையே கழற்றியிருக்கலாம்.

நான்கு வருடப் பெட்ரோல் கார். ஹைவேயில் ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. மூன்று முறை விட்டும் 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்றே திருப்பித் தருகிறார்கள்.
– வாசகி, சேலம்

'ஒன்றும் இல்லை' என்றால் அந்த நேரத்தில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சூடானால் மட்டும் தலைகாட்டும் கோளாறு, ஆறிய வண்டியில் எப்படி அகப்படும்?

முதல் சந்தேகம் டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப். அதன் பிளாஸ்டிக் இம்பெல்லர் (பெட்ரோலைத் தள்ளும் சிறு சக்கரம்) பெட்ரோலைக் குடித்து உப்பினால் பம்பின் உட்சுவரில் உரசி நின்றுவிடும். ஆறியதும் மறுபடி சுற்றலாம். ஹோண்டா இந்தியாவில் 2024 நவம்பரில் 90,468 கார்களைத் திரும்ப அழைத்தது இம்பெல்லர் கோளாறுக்காகத்தான். அடுத்த சந்தேகம், இன்ஜின் சுழல்வதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார். அதுவும் சூட்டில் படுத்து, ஆறினால் எழும்.

அடுத்த முறை அணையும்போது தேதி, வேகம், எவ்வளவு நேரம் ஓடியது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று எழுதிவையுங்கள். டேஷ்போர்டை வீடியோ எடுப்பது ஓரமாக நிறுத்திய பிறகு, அல்லது பக்கத்தில் இருப்பவர் வேலை. பேட்டரி வயரைக் கழற்ற விடாதீர்கள், பதிவான பிழைக் குறியீடுகள் அழிந்துவிடலாம். பழுது விவரம் எழுதும் ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். '90 கி.மீ. வேகத்தில், 40 நிமிட ஓட்டத்துக்குப் பின் இன்ஜின் அணைகிறது. நான்காவது முறை' என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். டெக்னீஷியனை ஏற்றிக்கொண்டு அதே தூரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே ஃப்யூயல் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும். உங்கள் மாடலுக்கு உரிய அளவு அவர்களின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கிறது.

முக்கியமான ஒன்று: ஓட்டத்தில் அணைந்தால் சாவியை முழுதாக ஆஃப் பக்கம் திருப்பிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். ஸ்டியரிங் கனத்தால் பயப்படாமல் பலமாகத் திருப்புங்கள். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரண்டு மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள்.

ரீகால் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பார்ட்ஸ் வரவில்லை என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?
– வாசகர், கோவை

கடிதத்தில் இடைக்கால அறிவுரை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாருதி 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலருக்காக 17,362 கார்களை அழைத்தபோது, மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்றது. 2021-ல் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டுக்காக 1,81,754 கார்களை அழைத்தபோதோ, தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டாதீர்கள், மின்பாகங்கள்மேல் நேரே தண்ணீர் அடிக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங் என்றால் ஓட்டாமல் இருப்பதே உத்தமம்.

ரீகால் கம்பெனியுடையது. ஒரு ஷோரூமில் பார்ட்ஸ் இல்லையென்றால், அதே கம்பெனியின் வேறு அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பில் புக் செய்யலாம். போனில் அலையாமல் கம்பெனி கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: சேஸிஸ் நம்பர், புக் செய்த தேதி, பார்ட்ஸ் எந்தத் தேதிக்கு வரும் என்ற கேள்வி. மூன்று வரி போதும்.

ரீகால் செய்த கார் என்றால் ரீசேலில் விலை குறையுமா?
– வாசகர், நாகர்கோவில்

செய்யாத காருக்குத்தான் குறைய வேண்டும். வேலை முடிந்த பில்லை ஆர்.சி. நகலோடு வைத்திருங்கள்.

ஒரே கியர்பாக்ஸ் கோளாறு ஐந்தாவது முறை. புது கார் தரச் சொல்லிக் கேட்க முடியுமா?
– வாசகர், மதுரை

கேட்கலாம், ஆனால் சுலபத்தில் கிடைக்காது. 'இத்தனை முறை பழுதானால் புது வண்டி' என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. கோளாறான பாகத்தை மாற்றினால் தீரும் என்கிறபோது முழு காரையும் மாற்றித் தரத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு மாருதி வழக்கில் சொன்னது. அதே நீதிமன்றம் 2022-ல், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் க்ரெட்டாவுக்கு வேறு கார் தர வேண்டும் என்ற உத்தரவை உறுதிசெய்தது. ஆகவே, பழுது பார்த்தும் தீரவில்லை என்பதைக் காட்டும் ஐந்து ஜாப் கார்டுகள்தான் உங்கள் கையிருப்பு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை அங்கேயே போடலாம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். ஷோரூமை மட்டும் எதிர்த்தரப்பாக்கினால் 'தயாரிப்புக் கோளாறு, எங்களுடையது அல்ல' என்று கையை விரிப்பார்கள். தயாரிப்பாளரையும் சேருங்கள். தொழில்நுட்பப் பரிசோதனைக்கு உத்தரவிடும்படி மனுவிலேயே கேளுங்கள்.

பாதுகாப்பைப் பாதிக்கும் கோளாறு என்றால் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்திலும் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிட முடியும். 2021 ஏப்ரலில் அமலான விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். கம்பெனிக்கு அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஆனால் ஒற்றைப் புகாரில் இது நகராது. அந்த மாடல் எவ்வளவு விற்கிறதோ அதற்கேற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும். அதே மாடல் வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் அவர்களையும் பதியச் சொல்லுங்கள்.