அம்புக்குறி இருக்க, எச், ஜே, கே, எல் எதற்கு?

கேள்வி: என் மகள் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். லேப்டாப்பில் அம்புக்குறிப் பொத்தான்கள் இருந்தும் அவற்றைத் தொடுவதே இல்லை. எச், ஜே, கே, எல் என்று தட்டித்தான் திரையில் அங்கும் இங்கும் போகிறாள். கேட்டால், “வி.ஐ.யில் அப்படித்தான் அப்பா” என்கிறாள். இது என்ன பழக்கம்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: உங்கள் மகளுக்கு முன்பே, 1976 வாக்கில், பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவராக இருந்த பில் ஜாய்க்கு வந்த பழக்கம் அது. வி.ஐ. என்பது கணினியில் உரை எழுதித் திருத்தும் மென்பொருள், அதாவது எடிட்டர். அதை எழுதியவர் அவர்தான். அவர் உட்கார்ந்து வேலை பார்த்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில், அதாவது பெரிய கணினியோடு இணைத்த திரையும் கீபோர்டும். அதில் அம்புக்குறிக்கென்று தனிப் பொத்தான் கிடையாது. எச் மேல் இடது அம்பு, ஜே மேல் கீழ் அம்பு, கே மேல் மேல் அம்பு, எல் மேல் வலது அம்பு அச்சடித்திருந்தார்கள். வி.ஐ.யும் அதையே எடுத்துக்கொண்டது.

அந்த நான்கு எழுத்துகளை ஏன் பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். எச் எட்டாவது எழுத்து. எழுத்துக்கும் கட்டளைக்கும் எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் 8 என்றால் ஓர் எழுத்து பின்னால் போ. ஜே பத்தாவது, 10 என்றால் ஒரு வரி கீழே இறங்கு. கண்ட்ரோல் பொத்தானோடு சேர்த்து அழுத்தினால் அந்தக் குறியீடுதான் போகும். இடதும் கீழும் இப்படி அமைந்துவிட்டன, மற்ற இரண்டையும் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. எஸ்கேப் பொத்தான் அதில் இன்றைய டேப் இருக்கும் இடத்தில், க்யூவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வி.ஐ.யில் உரை தட்டுவதை நிறுத்திக் கட்டளைக்குத் திரும்ப நிமிடத்துக்கு நாலு தடவை எஸ்கேப் அடிக்க வேண்டும். அன்றைக்கு அது சுண்டுவிரல் வேலை. பிறகு வந்த கீபோர்டுகள் எஸ்கேப்பை மூலைக்குத் தள்ளிவிட்டன, வி.ஐ. மாறவில்லை. மகளிடம் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கோபமாக மெயில் எழுதுபவர்களைத் தவிர கேப்ஸ் லாக்கால் யாருக்கும் பிரயோசனம் இருந்து நான் பார்த்ததில்லை.

கட்டளைகள் ஒற்றை எழுத்தாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் மோடத்தில், அதுவும் 300 பாட் என்ற மெதுவான வேகத்தில், ஓட வேண்டும் என்று எழுதிய எடிட்டர் அது. நொடிக்கு சுமார் 30 எழுத்துதான் வரும். 80 எழுத்து வீதம் 24 வரி நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நிலைமையில் யார் நீளமாகத் தட்டுவார்கள்?

கேள்வி: எங்கள் பயோடெக் லேபில் ஒரு கீபோர்டில் ‘கையுறையோடு மட்டும்’ என்றும், அடுத்த மேஜையில் ‘கையுறை கூடாது’ என்றும் ஒட்டியிருக்கிறார்கள். எதற்கு இந்தக் கெடுபிடி?
– ஒரு மாணவி, தஞ்சாவூர்

பதில்: கெடுபிடி இல்லை அம்மா, புத்திசாலித்தனம். டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லைப் படம் எடுக்கும் கணினிதானே கையுறைக்காரருக்கு? எத்திடியம் புரோமைடு பட்ட விரலோடு அங்கே தட்டுவார்கள். அது டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் சாயம், மரபணு மாற்றம் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவது. ஒருவர் கையுறையோடும் இன்னொருவர் வெறுங்கையோடும் ஒரே ஸ்பேஸ்பாரைத் தொட்டால் கையுறை போட்டதற்கே அர்த்தமில்லை.

சந்தேகமாக இருந்தால் புற ஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, கீபோர்டு மேல் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். எண்டர் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தால் விஷயம் புரிந்துவிடும். 70 சதவீத ஆல்கஹால் கிருமிக்குத்தான். எத்திடியத்தை அது அழிக்காது. கீபோர்டு மேல் சமையலறை ஒட்டும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அழுக்கானதும் உரித்து ஆபத்தான கழிவோடு போடுவதுதான் சுலபம். அப்புறம், ஆல்கஹாலை எந்தக் கீபோர்டிலும் நேராகத் தெளிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள்.

கேள்வி: லேபில் மெக்கானிக்கல் கீபோர்டு வைத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி சுவிட்ச் வைத்த கீபோர்டு அது, சத்தம் வரலாம். பக்கத்து மேஜைக்காரரைக் கேளுங்கள். அவர் சரி என்றாலும் ‘க்ளிக்’ சத்தம் போடும் நீல சுவிட்ச் வேண்டாம், சிவப்பு வாங்குங்கள்.