படிப்பை நிறுத்திய கிராமத்துப் பிள்ளைகளை மாலை வகுப்பு வைத்து மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பள்ளியில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளை அங்கே தாக்குப்பிடிக்கத்தான் மாலை வகுப்பு. "கொஞ்சம் படிக்கத் தெரியட்டும், அப்புறம் சேர்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், கையில் கூலிக் காசு பார்த்த பையன் மறுபடி வேலைக்கே போய்விடுவான். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன்.

6 முதல் 14 வயது வரை சட்டம் உங்கள் பக்கம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். நாலாவதோடு நின்ற 13 வயதுப் பையன் எட்டாம் வகுப்பில் உட்காரலாம். விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி பெறுவதும் அவன் உரிமை. டி.சி. வரத் தாமதம், பிறப்புச் சான்று இல்லை என்பதெல்லாம் சேர்க்கையை மறுக்கக் காரணமாகாது. நடுவில் 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டணமில்லை.

நடைமுறையில் சிக்குவது எமிஸ் எண்ணில்தான், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்ணில். பழைய பள்ளி பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். இழுத்தடித்தால், ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநரைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைத் தீர்மானமாக எழுதவைப்பது, நாலு முறை நேரில் போய்ச் சொல்வதைவிட வேலை செய்யும்.

இடம் பார்ப்பதில் அவசரப்படாதீர்கள். ஊர்க்கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். காலனியில் வைத்தால் ஊர்த்தெருக்காரர்கள் அனுப்பமாட்டார்கள். வெளியே யாரும் இதைக் காரணமாகச் சொல்ல மாட்டார்கள், வருகைப் பதிவேடு சொல்லிவிடும். பள்ளி வராந்தா அல்லது நூலகக் கட்டடம் நல்லது. நேரம் ஆறிலிருந்து ஏழரை போதும். பெண்பிள்ளைகளைக் கொண்டுபோய் விட ஆள் வைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனியாக உட்காரவையுங்கள். மீசை முளைக்கும் வயதில் இரண்டாம் வகுப்புக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டச் சொன்னால் அவன் மறுநாள் வரமாட்டான். ஒரு தன்னார்வலருக்கு 10 பேருக்கு மேல் வேண்டாம். தன்னார்வலர்களை வைத்துத் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்பில் 20 பேர் கணக்காக இருந்தது, ஆனால் அது பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு வந்த திட்டம்.

முதல் வாரம் பாடம் நடத்தாதீர்கள், ஒவ்வொருவராக வாசிக்கவைத்துப் பாருங்கள். பழைய பாடநூலைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். நீங்களே கையால் எழுதிய, படமில்லாத நாலு வரி கொடுங்கள். எழுத்து, சொல், வரி, பத்தி என்று எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். 'கொடி' என்பதை 'கெ', 'கா', 'டி' என்று பிரித்து வாசிக்கும் பிள்ளைக்குக் கொம்பும் காலும் சேர்ந்து ஓர் ஒலி என்பது பதியவில்லை. அதை விட்டுவிட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் நடத்துவது வீண். முதல் மூன்று மாதம் தமிழ் வாசிப்பும், கடன்வாங்கிக் கழித்தல், வகுத்தல் வரை கணக்கும் மட்டும் போதும். ஆங்கிலம் காத்திருக்கட்டும்.

பத்தாவதில் தோற்று நின்றவர்களுக்கு வழி வேறு. தோற்ற பாடங்களை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம். பத்தாவதுக்கே போகாமல் நின்று, பதினாலரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. அந்தப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு வெகு முன்பே தனியாகப் பதிய வேண்டும். இதைத் தவறவிட்டு ஒரு வருடத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. பத்தாவது வேண்டவே வேண்டாம் என்பவனிடம் ஐ.டி.ஐ.யைப் பற்றிச் சொல்லுங்கள்: வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சி போதும்.

சேர்ந்த பிள்ளை மறுபடி நிற்பதும் உண்டு. தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் மாலையே வீட்டுக்குப் போங்கள். ஒரு வாரம் விட்டால் எங்காவது வேலையில் சேர்த்திருப்பார்கள். செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் பொங்கல் கழிந்து கிளம்பும். அதற்கு முன்பே எமிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்து, சூளைக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கியபின் அவர்களைத் தடுக்க முடியாது, பிள்ளையைச் சேர்க்க இடம் பார்த்து வைக்க முடியும்.