ஓடுகிற சர்வரை நிறுத்தாமல் வேறு டேட்டா சென்டருக்கு மாற்ற முடியுமா?

துளிகூட நிற்காமல் என்று சொல்ல மாட்டேன். சில நிமிடம் நிற்கும். அது எப்போது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரியின் பில்லிங் சர்வரைச் சென்னைக்கு மாற்றிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓடுகிற பெட்டியைக் கழற்றி வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். புது இடத்தில் வாடகைக்காவது வேறு மெஷின் எடுங்கள். டேட்டா முதலில் அங்கே போய்ச் சேரட்டும்.

முதல் காப்பிதான் பெரிய பாரம். 1 டிபியை 100 எம்பிபிஎஸ் லைனில் அனுப்பினால், லைன் முழுக்க அதற்கே கிடைத்தாலும் 22 மணி நேரம் ஆகும். கடையில் பில் போட லைன் வேண்டாமா? அதனால் என்கிரிப்ட் செய்த ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, ராத்திரி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். காப்பி எடுத்தபோது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் பின்லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக எழுதிவைக்கும் பதிவு) எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வைத்திருந்தேன். சென்னையில் ஏற்றி, அந்த இடத்திலிருந்து ரெப்ளிகேஷனை (ஒரு பக்க மாற்றங்களை மறுபக்கம் தொடர்ந்து நகலெடுப்பதை) ஆரம்பித்ததும் இடையில் போட்ட பில்களெல்லாம் தானாக வந்து சேர்ந்தன. அதுவரை சேலத்தில் பின்லாக் அழியக்கூடாது. அழிந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

சர்வர் பெயருக்கு ஐபி முகவரி எது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில், அந்தப் பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்னும் டிடிஎல் 86400 என்று இருந்தால், பழைய ஐபி 24 மணி நேரம் பலரிடம் தங்கியிருக்கும். இரண்டு நாள் முன்பே 300 ஆக்கிவிடுங்கள். அன்றைக்குக் குறைத்துப் பயனில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் அது தீரும்வரை திரும்பக் கேட்க மாட்டார்கள். அப்படியும் சிலர் பழைய ஐபிக்கே வருவார்கள். அவர்களுக்காகச் சேலத்தில் பத்து நாள் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்துச் சென்னைக்குத் திருப்பிவிட்டோம்.

மாற்றியது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, கொலுசு வியாபாரமும் மந்தம். இரவு ஒரு மணிக்குச் சேலம் டேட்டாபேஸை ரீட் ஒன்லி (படிக்க மட்டும், எழுத முடியாது) ஆக்கினோம். ரெப்ளிகாவின் (சென்னை நகலின்) பின்தங்கல் பூஜ்யம் என்று காட்டியது. அதை மட்டும் நம்பாமல் கடைசி பில் எண்ணை இரண்டு பக்கமும் வாய்விட்டுப் படித்தோம். ஒன்றாக இருந்தது. அப்புறம்தான் சென்னையில் எழுதத் திறந்து, டிஎன்எஸ்ஸை மாற்றினோம். மொத்தம் ஆறு நிமிடம். உடனே சென்னையிலிருந்து சேலத்துக்கு எதிர்த்திசை ரெப்ளிகேஷனும் போட்டுவிட்டோம். அது இல்லையென்றால் திரும்பி வர வழியில்லை.

காலை பத்து மணிக்குக் கணக்குப்பிள்ளை போன் செய்தார். “தம்பி, ஓடிபி வரவே மாட்டேங்குதுப்பா.” எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தில் சேலம் ஐபிக்கு மட்டும்தான் அனுமதி இருந்தது. அதைக் கேட்டுவைக்காதது முழுக்க என் தவறு. எஸ்எம்எஸ் போக்குவரத்தை மட்டும் சேலம் வழியாகச் சுற்றிவிட்டுச் சமாளித்தோம். வங்கி, எஸ்எம்எஸ் என்று உங்கள் ஐபியை எழுதி வைத்திருப்பவர்கள் எல்லாரையும் இப்போதே பட்டியல் போடுங்கள். புது ஐபியைச் சேர்க்கச் சொன்னால் வாரக்கணக்கில் இழுப்பார்கள்.

பழைய பெட்டியைப் பேக்கப்புக்காக அப்புறம் நிதானமாகக் கொண்டுபோனோம். ஒவ்வொரு டிஸ்கிலும் ஸ்லாட் எண்ணை ஒட்டியிருந்தோம். ஆன் செய்ததும் கடிகாரம் பழைய வருடத்தைக் காட்ட, சான்றிதழ் தேதி பொருந்தாமல் எஸ்எஸ்எல் (என்கிரிப்ட் செய்த) இணைப்பு ஒன்றைக்கூட ஏற்கவில்லை. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. சிஆர்2032 பட்டன் செல் ஒன்று பையில் இருக்கட்டும்.